மீண்டும் வந்த சினைப்பைப் புற்றுநோய்: புது மருந்து ஆய்வில் சேரலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சினைப்பைப் புற்றுநோய் திரும்பி வந்த வீடுகளிலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் "ஏதாவது புது மருந்து வந்திருக்கிறதா?" என்றுதான் தொடங்குகின்றன. அதைக் கேட்கும்போது இரண்டு விவரங்கள் கையில் இருந்தால் பதில் தெளிவாகக் கிடைக்கும். ஒன்று, கடைசியாக கார்போபிளாட்டின் அல்லது சிஸ்பிளாட்டின் (இரண்டும் பிளாட்டினம் வகைக் கீமோ மருந்துகள்) ஏறிய தேதி. மற்றொன்று, அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியின் பிளாக் (மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு) எந்த லேபில் இருக்கிறது என்பது. எந்த ஆய்வின் கதவு திறக்கும் என்பது முதலில் இந்த இரண்டைப் பொறுத்தது.

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. கடைசி கார்போபிளாட்டின் போட்டு ஒன்பது மாதம் ஆகிறது. சி.ஏ. 125 (ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடு) அளவு 28-லிருந்து 96-க்கு ஏறிவிட்டது. சி.டி. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. வலியும் இல்லை. உடனே ஏதாவது ஆய்வில் சேர்த்துவிடலாமா? (திருச்சி வாசகி)

பதில்: இப்போதே சேர்ப்பது பெரும்பாலும் நடக்காது. அதற்காக நீங்கள் எதையும் இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

பெரும்பாலான ஆய்வுகளில் ஸ்கேனில் அளக்கக்கூடிய கட்டி ஒன்றாவது இருக்க வேண்டும். கட்டி என்றால் குறைந்தது 10 மில்லிமீட்டர். நெறிக்கட்டு என்றால் அதன் குறுக்களவு குறைந்தது 15 மில்லிமீட்டர். மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு அளவுகோல் அதுதான். ரத்தத்தில் எண் மட்டும் ஏறியிருந்தால் அளப்பதற்கு ஒன்றும் இருக்காது.

எண் ஏறியதுமே கீமோவைத் தொடங்கினால் ஆயுள் கூடுமா என்பதையும் ஓர் ஆய்வில் பார்த்துவிட்டார்கள். 2010-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அது. முதல் கீமோவுக்குப் பின் நோயில்லாமல் இருந்த பெண்களில், சி.ஏ. 125 இயல்பு உச்சத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிய 529 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு உடனே சிகிச்சை. மற்றவர்களுக்கு அறிகுறி வந்த பிறகு. முதல் பிரிவினர் சராசரியாக ஐந்து மாதம் முன்னதாகவே கீமோவுக்குப் போனார்கள். ஆனால் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) உடனே தொடங்கியவர்களுக்கு 25.7 மாதம், காத்திருந்தவர்களுக்கு 27.1 மாதம், வித்தியாசம் இல்லை. முன்கூட்டித் தொடங்கியவர்களின் அன்றாட வாழ்க்கைதான் முன்கூட்டியே கெட்டது. நோயைத் தள்ளிவைக்கும் இன்றைய மாத்திரைகள் வருவதற்கு முந்தைய ஆய்வு என்பதை மறக்கக்கூடாது. என்றாலும் ஒரு எண்ணைப் பார்த்து மூன்று நாளில் ஓடி முடிவெடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

உங்கள் கடிதத்தில் முக்கியமானது அந்த ஒன்பது மாதம்தான். கடைசி பிளாட்டினத்துக்கும் நோய் திரும்பியதற்கும் இடையே ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், பிளாட்டினம் இன்னும் வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு. இந்த இடைவெளியைக் கணக்கிடும்போது பலர் தவறுகிறார்கள். அறுவை சிகிச்சை நாளிலிருந்தோ, பிறகு நோயைத் தள்ளிவைக்கத் தந்த பெவாசிசுமாப் ஊசி, ஒலாபரிப் மாத்திரை நின்ற நாளிலிருந்தோ எண்ணக்கூடாது. கடைசி பிளாட்டினம் ஏறிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தத் தேதியை இப்போதே அடிக்கோடிட்டு வையுங்கள்.

கட்டி ஸ்கேனில் தெரிய ஆரம்பித்தால் முதலில் கேட்க வேண்டியது மறு அறுவை சிகிச்சை பற்றி. 'டெஸ்க்டாப் 3' என்ற ஆய்வில் 407 பெண்கள் பங்கேற்றார்கள். முதல் அறுவையில் கட்டி முழுவதும் அகற்றப்பட்டிருக்க வேண்டும், நன்றாக நடமாட வேண்டும், வயிற்று நீர் 500 மில்லிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். அறுவையும் கீமோவும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 53.7 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 46. இரண்டாம் அறுவையிலும் கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுவதும் எடுக்கப்பட்டவர்களுக்கு 61.9 மாதம். மிச்சம் விடப்பட்டவர்களுக்குப் பலன் இல்லை. 485 பேருடன் அமெரிக்கக் குழு ஒன்று நடத்திய இன்னொரு ஆய்வில் தேர்வை அறுவை மருத்துவரின் கணிப்புக்கே விட்டார்கள். அதில் அறுவையால் ஆயுள் கூடவில்லை. ஆகவே "ஆபரேஷன் செய்யலாமா?" என்பதோடு நிற்காமல், "முழுவதும் எடுக்க முடியுமா?" என்றும் கேளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்குக் கடைசி கீமோ முடிந்து நான்கே மாதத்தில் நோய் திரும்பிவிட்டது. "ரெசிஸ்டன்ட்" (பிளாட்டினத்துக்கு மசியாதது) என்று எழுதியிருக்கிறார்கள். ஃபோலேட் சம்பந்தப்பட்ட ஊசி ஒன்று வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா? (கோவை வாசகர்)

பதில்: உண்மைதான். மருந்தின் பெயர் மிர்வெடுக்சிமாப் சொராவ்டான்சின். சினைப்பைப் புற்றணுக்கள் பலவற்றின் மேற்பரப்பில் ஃபோலேட் ரிசப்டர் ஆல்ஃபா என்ற புரதம் நிறைய இருக்கும். அதைத் தேடிப் பிடிக்கும் ஓர் ஆன்டிபாடியின் முதுகில் அணுவைக் கொல்லும் நஞ்சை ஏற்றி அனுப்புகிறார்கள். அணு ஆன்டிபாடியை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு நஞ்சு விடுபடுகிறது. ஃபோலிக் ஆசிட் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதைச் சாப்பிட்டால் இந்தப் பலன் கிடைக்காது.

இந்த மருந்து முதலில் ஓர் ஆய்வில் தோற்றது. அந்தத் தோல்வியைப் புரிந்துகொண்டால் உங்கள் மனைவிக்கு எந்தப் பரிசோதனை வேண்டும் என்பதும் புரிந்துவிடும். 'ஃபார்வர்ட் 1' ஆய்வில் 366 பேர். 2019-ல் முடிவு வந்தது. கீமோவை விட மேலானது என்று நிரூபிக்க முடியவில்லை. கட்டியில் அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று ஸ்லைடில் பார்க்க ஒரு சுருக்கமான முறையைக் கையாண்டிருந்தார்கள். பாதி அணுக்களில் லேசாகச் சாயம் ஏறியிருந்தாலே போதும் என்ற கணக்கு. அதனால் புரதம் குறைவாக உள்ளவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். அடுத்து வந்த 'மிராசோல்' ஆய்வில் குறைந்தது 75 சதவீத அணுக்களில் நடுத்தரமாகவோ அடர்த்தியாகவோ சாயம் ஏறியிருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். 453 பெண்கள். கட்டி சுருங்கியவர்கள் இந்த மருந்தில் 42 சதவீதம், கீமோவில் 16 சதவீதம். இடைநிலை ஆயுள் 16.46 மாதம், 12.75 மாதம். இதன் அடிப்படையில் அமெரிக்கா 2024 மார்ச்சில் முழு அனுமதி தந்தது. நோய் திரும்பியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் புரதம் இந்த அளவுக்கு இருக்கும்.

இந்த இடத்தில்தான் பிளாக் வேண்டும். அறுவையில் எடுத்த சதையைப் ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சிறு பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்து வைத்திருப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும், விளிம்பில் ஒரு எண் இருக்கும். அதுதான் பிளாக். "ரிப்போர்ட் இருக்கிறதே" என்று பலர் காகிதத்தோடு வந்து நிற்கிறார்கள். காகிதத்தில் சாயம் ஏற்ற முடியாது. லேபில் எழுதிக் கொடுத்து, பயாப்ஸி எண்ணைச் சொல்லி, பிளாக்கையே கேட்டு வாங்குங்கள். பல துண்டுகள் இருந்தால் கட்டி அதிகம் உள்ள துண்டை நோயியல் மருத்துவரே தேர்ந்து தரட்டும். வெயிலில் நிற்கும் காரிலோ ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள், மெழுகு இளகும். வெட்டிப் பல மாதம் ஆன ஸ்லைடுகளைக் கொடுத்தால் சாயம் மங்கி, இருக்கும் புரதமும் இல்லாததுபோலத் தெரியக்கூடும். ஆய்வு லேப்கள் புதிதாக வெட்டியதைக் கேட்பது அதனால்தான். சதை ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறைவாகவோ 72 மணி நேரத்துக்கு அதிகமாகவோ கிடந்திருந்தாலும் முடிவு சந்தேகத்துக்குரியது. பிளாக் பயன்படவில்லை என்றால் புதிதாக ஊசி பயாப்ஸி எடுக்கச் சொல்வார்கள்.

பக்க விளைவில் முக்கியமானது கண். பத்தில் நான்கு பேருக்குப் பார்வை மங்குகிறது. கருவிழியின் மேல்படலத்தில் புள்ளிபுள்ளியாக மாற்றம் வருகிறது. பெரும்பாலும் மருந்தைத் தள்ளிப் போட்டால் சரியாகிவிடும். மருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறும். ஒவ்வொரு முறையும் முந்தின நாளிலிருந்து நான்காம் நாள் வரை ஸ்டீராய்டு சொட்டு தினம் ஆறு முறை; ஐந்திலிருந்து எட்டாம் நாள் வரை நான்கு முறை. கூடவே கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு தினம் நான்கு முறையாவது. இரண்டு சொட்டையும் அடுத்தடுத்து ஊற்றினால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். ஸ்டீராய்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்து அடுத்ததை விடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் கூடாது. தொடங்கும் முன் கண் மருத்துவரின் பரிசோதனை கட்டாயம். அதைத் தள்ளிப் போட்டுத்தான் பலர் முதல் ஊசித் தேதியையே தவறவிடுகிறார்கள்.

புரதம் போதவில்லை என்று வந்தால் மனம் உடைய வேண்டாம். 'ரோசெல்லா' ஆய்வில் (381 பேர்) எந்தப் புரதமும் பார்க்கவில்லை. உடலின் கார்டிசால் புற்றணுவைக் காப்பாற்றுவதைத் தடுக்கும் ரெலகோரிலன்ட் மாத்திரையை நாப்-பாக்ளிடாக்சல் என்ற கீமோவோடு கொடுத்தார்கள். கீமோ நாள், அதற்கு முந்தின நாள், அடுத்த நாள் என மூன்று நாள் மட்டும் மாத்திரை. இடைநிலை ஆயுள் ஏறக்குறைய 16 மாதம். கீமோ மட்டும் பெற்றவர்களுக்குச் சுமார் 12. 643 பேர் பங்கேற்ற 'கீநோட் பி96' ஆய்வில் வாராந்திர பாக்ளிடாக்சல் கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்தபோது, கட்டியில் பி.டி.எல்.1 என்ற புரதம் உள்ளவர்களின் இடைநிலை ஆயுள் 18.2 மாதம், சேர்க்காதவர்களுக்கு 14. இதற்கு முன் நோயெதிர்ப்பு மருந்துகள் இந்தப் புற்றுநோயில் அடுத்தடுத்து தோற்றவை என்பதால் இந்த முடிவை நாங்கள் கவனத்தோடு பார்க்கிறோம்.

கேள்வி: ஆய்வில் சேர்ந்தால் சோதனை எலி ஆக்கிவிடுவார்கள், பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை மாத்திரைதான் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். (மதுரை வாசகி)

பதில்: நோய் கண்ணுக்குத் தெரிந்து வளர்ந்துகொண்டிருக்கும்போது வெறும் மாத்திரை மட்டும் கொடுத்து உட்காரவைப்பதில்லை. மேலே சொன்ன மிராசோலில் மறு பிரிவினருக்குக் கிடைத்தது வழக்கமான கீமோ: பாக்ளிடாக்சல், லைபோசோமல் டாக்ஸோரூபிசின், டோபோடெகான் ஆகியவற்றில் மருத்துவர் தேர்ந்த ஒன்று. ஆய்வுக்கு வெளியே இருந்தாலும் அவர்களுக்கு அதுதான் கிடைத்திருக்கும்.

கீமோ நன்றாக வேலை செய்து முடிந்த பிறகு நோய் திரும்பாமல் தள்ளிவைக்கும் மாத்திரைகளின் ஆய்வில் வெறும் மாத்திரை வருவதுண்டு. அப்போது ஆய்வுக்கு வெளியே இருப்பவர்களும் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் காத்திருப்பார்கள் என்பதுதான் காரணம். பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு உள்ள 295 பேரைக் கொண்ட 'சோலோ 2' ஆய்வில் மூவரில் இருவருக்கு ஒலாபரிப், ஒருவருக்கு வெறும் மாத்திரை. நோய் தள்ளிப்போன காலம் 19.1 மாதம், 5.5 மாதம்.

எந்தப் பிரிவு என்பதைக் கணினி முடிவு செய்யும். மருத்துவரிடம் சிபாரிசு கேட்டுப் பயனில்லை. அவரால் மாற்ற முடிந்தால் அந்த ஆய்வையே நம்ப முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது: "இது எத்தனையாவது கட்டம்? மறு பிரிவில் என்ன கிடைக்கும்? அது எனக்கு ஏற்கெனவே தோற்ற மருந்தா?" முதல் கட்டம் என்றால் எந்த அளவு தாங்கும் என்று பார்ப்பதே முதன்மை நோக்கம், கட்டி சுருங்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: ஒலாபரிப் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே நோய் திரும்பிவிட்டது. மறுபடி அதே மாத்திரை பலிக்குமா? (சேலம்)

பதில்: மறுபடி பிளாட்டினம் கொடுத்து அது பலித்த பிறகு ஒலாபரிப்பை மீண்டும் கொடுத்துப் பார்த்த 'ஓரியோ' ஆய்வில் 220 பேர் பங்கேற்றார்கள். பி.ஆர்.சி.ஏ. கோளாறு உள்ளவர்களுக்கு நோய் தள்ளிப்போனது 4.3 மாதம், வெறும் மாத்திரையில் 2.8. பலன் உண்டு, ஆனால் சிறிது. பலமுறை கீமோ பெற்றவர்களுக்குக் கீமோவுக்குப் பதிலாக இவ்வகை மாத்திரைகளைக் கொடுக்க இருந்த அமெரிக்க அனுமதிகள் 2022-ல் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே கையில் பழைய மாத்திரை மிச்சமிருக்கிறதே என்று நீங்களாகத் தொடங்காதீர்கள்.

கேள்வி: இருக்கிற கீமோ எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசி ஆயுதமாக ஆய்வை வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் திட்டம். சரியா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: சரியில்லை. இந்தப் பக்கத்தில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதுதான். மேலே சொன்ன மிராசோலும் ரோசெல்லாவும் ஒன்று முதல் மூன்று சிகிச்சைச் சுற்றுகள் வரை (ஒரு சுற்று என்பது ஒரு ஊசி அல்ல, ஒரு சிகிச்சைத் திட்டம் முழுவதும்) பெற்றவர்களையே சேர்த்துக்கொண்டன. நான்காவதும் ஐந்தாவதும் முடித்துவிட்டு வருபவருக்கு இத்தகைய ஆய்வுகளின் கதவு மூடியிருக்கும்.

உடலும் தயாராக இருக்க வேண்டும். பொதுவாக ஹீமோகுளோபின் 9, தட்டணுக்கள் ஒரு லட்சம், நியூட்ரோஃபில் 1,500 என்ற அளவுக்குக் குறையாமல் கேட்பார்கள். நடந்து வந்து தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். குடல் அடைப்பு வந்திருந்தால் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். இந்த நோயில் பலர் வெளியே நிற்பதற்கு அதுதான் காரணம். வாயு பிரியாமல், வயிறு உப்பி, வாந்தி வந்தால் "கேஸ்" என்று நினைத்து ஓம வாட்டர் குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். அன்றே போய்க் காட்டுங்கள். பாக்ளிடாக்சலால் வரும் கை கால் மரத்துப்போதல் அதிகமானாலும் தகுதி போகும். சட்டைப் பொத்தான் போடத் திணறும் நிலை வரும் முன்பே மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்க வழி உண்டு.

தகுதிப் பரிசோதனைக்குப் பொதுவாக 28 நாள் அவகாசம். அதற்குள் ரத்தம், ஸ்கேன், பிளாக் முடிவு எல்லாம் வர வேண்டும். ஸ்கேன் பழையதாகிவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். ஆகவே முதலில் பிளாக்கை அனுப்புங்கள், ஸ்கேன் கடைசியில்.

கேள்வி: அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முப்பது பக்க ஒப்புதல் படிவம் கொடுத்திருக்கிறார்கள். எதைப் பார்ப்பது? ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? (திண்டுக்கல் வாசகி)

பதில்: முதலில் பதிவு எண். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வு ஒவ்வொன்றும் முதல் நோயாளி சேரும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை இணையத்தில் போட்டால் ஆய்வின் நோக்கம், நடக்கும் மருத்துவமனைகள், எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதல், இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்பதெல்லாம் இலவசமாகத் தெரியும். எண் இல்லை என்றாலோ, "பிறகு தருகிறோம்" என்றாலோ கையெழுத்திடாதீர்கள்.

2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வு விதிகள் அம்மாவுக்கு நல்ல பாதுகாப்பு தருகின்றன. படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும் வரை கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். கடைசி நிமிடத்தில் வார்டிலிருந்து யாரையாவது அழைத்துக் கையெழுத்து வாங்குவது சாட்சி ஆகாது. புத்தம் புதிய மூலக்கூறின் ஆய்வில் எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவர்களைச் சேர்த்தால் ஒப்புதல் நடப்பதை ஆடியோ, வீடியோவாகப் பதிவு செய்யவும் வேண்டும். கையெழுத்தான படிவத்தின் ஒரு பிரதி உங்கள் உரிமை. வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

முப்பது பக்கத்தையும் ஒரே மூச்சில் படிக்க முடியாது. வீட்டுக்கு எடுத்துப் போய் முதலில் இந்த இடங்களைத் தேடுங்கள்: எத்தனை முறை வர வேண்டும், எத்தனை பயாப்ஸி, அவற்றில் எவை கட்டாயம், பரிசோதனைச் செலவு யாருடையது, பஸ் ரயில் கட்டணம் தருவார்களா, நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் அழைக்க வேண்டிய எண் எது, ஆய்வு முடிந்த பிறகும் மருந்து பலன் தந்துகொண்டிருந்தால் தொடர்ந்து கிடைக்குமா. கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்க மறக்கிறார்கள்.

ஆய்வின்போது பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவம் தர வேண்டும். பாதிப்பு ஆய்வால் வந்தது என்று முடிவானால் இழப்பீடும் உண்டு. கடுமையான எந்த நிகழ்வையும் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு அவருக்கு முதலில் தெரிய வேண்டுமே! ஊரில் வேறு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனாலும் அன்றே போனில் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டுப் பிறகு கேட்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ஆய்வு அடையாள அட்டையை அம்மாவின் பர்சில் வையுங்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது. "லோ கிரேட் சீரஸ்" வகை என்றார்கள். மேலே உள்ள மருந்துகள் எனக்கும் பொருந்துமா? (ஈரோடு)

பதில்: உங்களுடையது தனி நோய். மெதுவாக வளரும், கீமோவுக்கு அவ்வளவாக மசியாது. மேலே உள்ள முடிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வகைக்கென்றே 260 பேரிடம் நடந்த ஆய்வில் டிராமெடினிப் மாத்திரை நோயை 13 மாதம் தள்ளிவைத்தது. வழக்கமான சிகிச்சை 7.2 மாதம். 2025 மே மாதம் அவுட்டோமெடினிப், டெஃபாக்டினிப் என்ற இரண்டு மருந்துகளின் சேர்க்கைக்கு, கட்டியில் கே.ராஸ் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்காக அமெரிக்கா விரைவு அனுமதி கொடுத்தது. ஆகவே உங்கள் பிளாக்கில் கே.ராஸ் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆய்வு மருந்தோடு நிலவேம்பு, சூரணம் எல்லாம் எடுக்கலாமா? (தஞ்சாவூர்)

பதில்: நீங்களாக எடுக்காதீர்கள். மருந்தைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தை சில பொருள்கள் மாற்றிவிடும். ரத்தத்தில் மருந்து ஏறியோ இறங்கியோ போகும். ஒலாபரிப் சாப்பிடுபவர்களைக் கிரேப்ஃப்ரூட் பழத்தைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். அதன் இனமான பம்பளிமாஸையும் விட்டுவிடுவது நல்லது. கல்லீரல் எண்கள் ஏறினால் காரணம் ஆய்வு மருந்தா சூரணமா என்று பிரிக்க முடியாமல் மருந்தையே நிறுத்த நேரிடும். எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: அக்காவுக்கு ஆய்வு மருந்தில் கட்டி 80 மில்லிமீட்டரிலிருந்து 50 ஆனது. இப்போது 61. தொடங்கியதை விடக் குறைவுதானே, ஏன் நிறுத்துகிறார்கள்? (புதுச்சேரி)

பதில்: வளர்ச்சியைத் தொடக்க அளவிலிருந்து கணக்கிடுவதில்லை. அதுவரை கண்ட மிகக் குறைந்த அளவிலிருந்து கணக்கிடுவார்கள். அதிலிருந்து 20 சதவீதமும், குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடினால் நோய் முன்னேறிவிட்டதாக விதி. 50-ல் 20 சதவீதம் 10. 60-ஐத் தொட்டாலே எல்லை தாண்டியாயிற்று. 50-க்கு இறங்கிய அணுக்கள் மருந்துக்கு அடங்கியவை; இப்போது வளர்பவை அதை மீறக் கற்றுக்கொண்டவை. தொடர்ந்தால் பக்க விளைவு மட்டும்தான் மிஞ்சும். ஓரிரு மில்லிமீட்டர் அளவை ஒட்டியே முடிவு நிற்கிறது என்பதால், இரண்டு ஸ்கேன்களையும் ஒரே கதிரியக்க மருத்துவர் ஒப்பிட்டு அளந்தாரா என்று கேட்பதில் தவறில்லை.

வெளியே வரும்போது மூன்றை வாங்கிக்கொள்ளுங்கள்: கடைசி மருந்து ஏறிய தேதி, எல்லா ஸ்கேன்களும் பதிந்த குறுந்தகடு, மிச்சமுள்ள பிளாக். அடுத்த ஆய்வில் சேர முந்தைய மருந்து நின்று பொதுவாக மூன்று, நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும். அந்த நாட்களை பிளாக்கைத் தேடுவதிலேயே கழித்துவிடாதீர்கள்.